சைக்கிள் கொடுத்தவர்கள் சாலை கொடுக்கவில்லை

தேர்தல் வந்தால் கட்சிகளின் அறிக்கைகளை இறக்கி வைத்துக்கொண்டு ‘சைக்கிள்’ என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எந்தப் பெரிய கட்சியாக இருந்தாலும் அந்தச் சொல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டும், பள்ளி மாணவர்களுக்கான நலத்திட்டங்கள் பகுதியில். போக்குவரத்து என்று தலைப்பிட்ட பக்கத்துக்குப் போனால் மேம்பாலம், மெட்ரோ நீட்டிப்பு, புறவழிச்சாலை, நான்கு வழியை ஆறு வழியாக்குவது, புதுப் பேருந்துகள். சைக்கிள் பாதை, நடைபாதை என்று எங்காவது ஒரு வரி வந்தாலும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம், எந்த வருடத்துக்குள் என்று அதன் பக்கத்தில் எதுவும் இருக்காது. மேம்பாலத்துக்கு மட்டும் எந்தச் சந்திப்பில் தொடங்கி எங்கே இறங்கும் என்பது வரைக்கும் தெளிவாக எழுதத் தெரிகிறது.

இந்தியாவில் சைக்கிளை எதிர்த்துப் பேசும் கட்சி என்று ஒன்று கிடையாது. கனடாவில் டொராண்டோ மாநகராட்சி போட்ட சைக்கிள் பாதையைப் பிடுங்க ஒன்டாரியோ மாகாண அரசு சட்டமே கொண்டுவந்தது, 2024-இல். அங்கே கட்சிகளுக்கு இடையே கோடு தெளிவாகத் தெரிகிறது, யாரிடம் சண்டை போட வேண்டும் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் தெரிகிறது. நம்மூரில் எல்லோரும் ஆதரவுதான். எல்லோரும் கொடுக்கிறார்கள், கொடியசைக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சைக்கிள் போவதற்கு ஒரு மூன்றடி சாலை மட்டும் யார் ஆட்சியிலும் வருவதில்லை. இது மறதியால் நடப்பது இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சைக்கிள் கொடுப்பதும் சாலை கொடுப்பதும் அரசியலில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வேலைகள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொடுத்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஜெயலலிதா ஆட்சியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், 2005-06-இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. அந்த விரிவாக்கத்துக்குக் கொஞ்சம் பிறகுதான் ஒரத்தநாடு பக்கத்தில் நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். எங்கள் ஊரில் அதுவரைக்கும் பெண்பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிடுவார்கள். மேல்நிலைப் பள்ளி தூரம், காலையில் வரும் ஒரே டவுன் பஸ் படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கிக்கொண்டு வரும், சில நாள் நிறுத்தாமலே போய்விடும். சைக்கிள் வந்ததும் அது மாறியது. எங்கள் தெருவிலிருந்து நாங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்புவோம், முன்கூடையில் புத்தகப் பை, கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. பஸ்ஸை நம்பாமல் வெளியே போய் வர முடியும் என்பதை என் உடம்பு தெரிந்துகொண்டது அந்த இரண்டு வருடத்தில்தான். இலவசம் என்று யாராவது முகம் சுளித்துப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

2006-இல் ஆட்சி மாறியது, சைக்கிள் நிற்கவில்லை. 2011-இல் மாறியது, நிற்கவில்லை. 2021-இலும் அப்படித்தான். ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் மூடிவிடும் வழக்கம் உள்ள மாநிலத்தில் இது பெரிய விஷயம். 2022 ஜூலையில் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த சுற்றில் மட்டும் சுமார் 6.35 லட்சம் சைக்கிள்கள், 323 கோடி ரூபாய். ஒரு சைக்கிளுக்கு ஐயாயிரம் ரூபாய் சொச்சம் ஆகிறது. பீகாரில் நிதிஷ் குமார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. அதைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியிருந்தது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருக்கும் ஊர்களில்தான் பலன் அதிகம் என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே சைக்கிள் கொடுத்தது வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. மாணவியின் படிப்பில் அரசாங்கம் போட்ட பணத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்தவை குறைவு.

எங்கள் ஊரில் அந்தப் பலன் எப்படிக் குறைந்தது என்பதையும் நான் பார்த்தேன். நாங்கள் போனது பெரிய ரோட்டில். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் சைக்கிள் தாரை விட்டு இறங்கியே ஆக வேண்டும், இறங்குகிற இடத்தில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம். நான் பள்ளியை விட்டுப் போன பிறகு பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை மணல் லாரி அடித்துவிட்டது. அவன் பிழைத்துக்கொண்டான், கால்தான் சரியாகவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒவ்வொரு அப்பாவும் மகளிடம் சொன்னது ஒன்றுதான், ரோட்டுப் பக்கம் சைக்கிளை எடுத்துட்டுப் போகாதே. சைக்கிள்கள் திண்ணையில் நின்றன, பிள்ளைகள் திரும்பவும் ஷேர் ஆட்டோவில் அடைந்துகொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் சில சைக்கிள்கள் விலைக்குப் போயின. இலவசச் சைக்கிளை வாங்கி விற்றுத் தின்கிறார்கள் என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் அந்த ரோட்டில் ஒரு தடவை காலை எட்டரை மணிக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பிப் பார்க்கட்டும். சைக்கிள் கொடுத்தது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. இந்தத் துறை வருடா வருடம் அந்த ரோட்டில் இத்தனை நூறு புதுச் சைக்கிளை இறக்குகிறது என்று அந்தத் துறைக்கு யாராவது ஒரு கடிதமாவது போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

ஏன் கொடுக்கிறவர்கள் சாலை போடுவதில்லை என்றால், சைக்கிளைக் கொடுக்க யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. கஜானாவிலிருந்து பணம், டெண்டர், லாரியில் வந்து இறங்கும், எம்.எல்.ஏ. வருவார், வரிசையாக நிற்கவைத்துக் கொடுப்பார், எண்ணிக்கை செய்தித்தாளில் வரும். சாலையில் சைக்கிளுக்கு இடம் கொடுப்பது வேறு மாதிரி. சாலையின் அகலம் கூடப்போவதில்லை. அந்த மூன்றடி இப்போது யாரிடமோ இருக்கிறது, கார் நிறுத்துகிறவரிடம், கடையை முன்னால் இழுத்து வைத்திருப்பவரிடம், வேகமாகப் போகிற ஓட்டுநரிடம். அவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். இடத்தை இழந்தவர் மறக்கமாட்டார், பெற்றவர் யார் என்று கட்சிக்குத் தெரியவே தெரியாது.

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் எங்கள் வார்டில் (இப்போது நான் சென்னையில் இருக்கிறேன்) ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடம் இதையே கேட்டேன். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. “அண்ணே, ஸ்கூல் தெருவுல பிள்ளைங்க சைக்கிள்ல போறதுக்கு ஓரமா கொஞ்சம் வழி விட்டுத் தருவீங்களா?” என்றேன். அவர் மழுப்பவில்லை, நின்று பதில் சொன்னார். “பிளாட்பாரத்தை அகலப்படுத்தினா கடைக்காரங்க சண்டைக்கு வர்றாங்க தங்கச்சி. பார்க்கிங்கை எடுத்தா ஃபிளாட்காரங்க சண்டைக்கு வர்றாங்க. இத்தனை வருஷத்துல சைக்கிள்காரன் ஒருத்தனாவது எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்கானா, சொல்லுங்க.” நகரத் திட்டமிடல் பற்றி நான் கேட்ட எத்தனையோ கூட்டங்களில் கிடைக்காத விளக்கம் அந்த ஒரு பதிலில் இருந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

சண்டைக்கு வராத அந்தச் சைக்கிள்காரர் யார் என்று சென்னையில் பாருங்கள். விடியற்காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு இடியாப்பம் விற்கிறவர், டீ கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு கட்டுமான இடங்களுக்குப் போகிறவர், இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன், ஓ.எம்.ஆர். பக்கம் தகரக் கொட்டகையிலிருந்து கும்பலாகக் கிளம்பும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளிகள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு ஓட்டு இங்கே இல்லை, அவர்கள் ஊரில் இருக்கிறது. அங்கே அவர்கள் தங்கைக்குக் கட்சி சைக்கிள் கொடுத்திருக்கும். இங்கே அவர்கள் போகிற சாலைக்கு எந்தக் கட்சியும் பொறுப்பில்லை. இரவில் விளக்கில்லாத சர்வீஸ் ரோட்டில், எதிர்த்திசையில் வரும் பைக்குக்கும் மூடியில்லாத மழைநீர் வடிகாலுக்கும் நடுவில் அவர்கள் போவதைப் பார்க்கிறபோது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எண்ணிக்கையில் இவர்கள் கொஞ்சப் பேரும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயமும் வீட்டுத்தொழிலும் செய்யாத மற்ற தொழிலாளர்களிடம் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நாடு முழுக்க கிட்டத்தட்ட 13 விழுக்காட்டினர் சைக்கிள் என்றார்கள். மொபெட், ஸ்கூட்டர், பைக் எல்லாம் சேர்ந்தே அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நடந்து போகிறவர்கள் 22 விழுக்காட்டுக்கு மேல். கார், ஜீப், வேன் மூன்றும் சேர்ந்து மூன்று விழுக்காட்டைத் தொடவில்லை. சென்னையில் 2008-இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்விலும் பயணங்களில் 28 விழுக்காடு நடை, 6 விழுக்காடு சைக்கிள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு எஞ்சினே கிடையாது. இடையில் பைக் பெருகியிருக்கிறது, சைக்கிள் குறைந்திருக்கும். ஆனால் நடப்பவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, சாகிறவர்களின் கணக்கில் அது தெரிகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஐந்தில் ஒருவர். அந்த வருடம் மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105. எந்தத் தேர்தல் மேடையிலும் இந்த எண்ணை ஒரு தலைவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கொடுப்பதற்கும் சாலைக்கும் உள்ள முரண் வேறெங்கேயும் கொல்கத்தா அளவுக்குப் பச்சையாகத் தெரியாது. அங்கே இடதுசாரி அரசு இருந்தபோது 2008-இல் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. தொழிலாளிகளின் கட்சி ஆண்ட நகரத்தில், பால்காரரும் செய்தித்தாள் போடுகிறவரும் ஓட்டும் வண்டிக்குத் தடை. மம்தா பானர்ஜி வந்தார், மாறும் என்று நினைத்தால் 2013-இல் காவல்துறை அந்தத் தடையை 174 சாலைகளுக்கு விரித்தது. பிறகு எதிர்ப்பு வந்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதே அரசுதான் 2015-இல் ‘சபுஜ் சாத்தி’ என்ற திட்டத்தைத் தொடங்கி ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தாகிவிட்டது. மாவட்டத்தில் அரசு கொடுத்த சைக்கிளை ஒரு பையன் படிப்பு முடித்து வேலைக்காகத் தலைநகருக்குக் கொண்டுவந்தால், தடையுள்ள சாலையில் அதே அரசின் போலீஸ் அதற்கு அபராதம் போடலாம். இரண்டு கட்சிகள், கொள்கையில் ஒன்றுக்கொன்று ஒத்தே வராதவை, இந்த ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்தன. சாலை வேகமாகப் போகிறவருக்கு, சைக்கிள் தடங்கல்.

சின்னமாகச் சைக்கிளை எல்லோருக்கும் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1996-இல் மூப்பனார் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கிச் சைக்கிள் சின்னத்தில் நின்றபோது தமிழ்நாட்டில் பார்த்த சுவரெல்லாம் சைக்கிள். ரஜினி சைக்கிளோடு இருக்கும் படம் சுவரொட்டிகளில் போனது. தி.மு.க. கூட்டணியில் அந்தப் புதுக்கட்சி 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் பிடித்தது. ஆந்திராவில் தெலுங்கு தேசத்துக்கும் சைக்கிள்தான், உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதிக்கும் சைக்கிள்தான். ஏழை வீட்டு வாகனம், நம்மாள் என்று உடனே தோன்றும், சுவரில் வரையவும் சுலபம். 2022-இல் உ.பி. தேர்தல் பிரச்சாரத்தில் பிரதமர் மோடி குண்டுவெடிப்பில் சைக்கிள் பயன்படுத்தப்பட்டதைச் சொல்லிச் சமாஜ்வாதியைத் தாக்கினார், அகிலேஷ் யாதவ் சைக்கிள் கிராமத்து மக்களின் வாகனம், அதை அவமதிப்பது அவர்களை அவமதிப்பது என்ற விதமாகத் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு பேசினார்களே, சைக்கிள் ஓட்டுகிறவர் மாலையில் பத்திரமாக வீடு போய்ச் சேருவதைப் பற்றி அந்தச் சண்டையில் ஒரு வார்த்தை இல்லை.

அகிலேஷைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். சின்னத்தைச் சாலையில் இறக்கிய தலைவர் அவர். நெதர்லாந்தைப் பார்த்துவிட்டு வந்து லக்னோவிலும் நொய்டாவிலும் சைக்கிள் தடங்கள் போட்டார், 2016 நவம்பரில் இட்டாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலை என்று திறந்தார். ஆனால் அது மக்கள் கண்ணில் சமாஜ்வாதியின் தடமாகவே இருந்தது. 2017-இல் பா.ஜ.க. வந்தவுடன் இந்தத் தடங்கள் நெரிசலை உண்டாக்குகின்றன, எடுத்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. டெல்லியிலும் அதே கதைதான். காங்கிரஸின் ஷீலா தீட்சித் 2008-இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பேருந்துக்குத் தனிப்பாதை போட்டார், ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடம் விட்டு. கார்க்காரர்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் வரை போனது. 2012-இல் அந்த வழக்கு தள்ளுபடியாகியும், சாமானியரின் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த ஆம் ஆத்மி அரசு 2016-இல் அதை இடித்தது. அந்தப் பாதையின் வடிவமைப்பில் குறை இருந்தது உண்மை. குறையைச் சரி செய்திருக்கலாம்.

சென்னைக்கு வருகிறேன். பலருக்கு மறந்தே போயிருக்கும், இந்தியாவிலேயே முன்னோடியாக 2014-இல் சென்னை மாநகராட்சி எஞ்சின் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அப்போது மாநகராட்சி அ.தி.மு.க. கையில், மேயர் சைதை துரைசாமி. போக்குவரத்துக்கான மாநகராட்சி நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை, நடப்பவரும் சைக்கிள் ஓட்டுகிறவரும் சாலையில் சாகாத நகரம் என்று இலக்குகள் இருந்தன. படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். சில சாலைகளில் நடைபாதை நன்றாகவும் வந்தது, ஏறி இறங்காமல், நாலு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில். அப்புறம் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் வழக்கில் சிக்கியது, தள்ளிப்போனது, சென்னைக்குத் தேர்ந்தெடுத்த மாமன்றம் திரும்ப வந்தது 2022-இல்தான். இலக்கு வருடமான 2018 வந்து போனபோது அந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. யாரைப் போய்க் கேட்பது? எந்தக் கட்சி பதில் சொல்வது? அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2019-இல் வாடகைச் சைக்கிள் வந்தது, பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாயில் நடைபாதை வளாகத்தை எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். பாண்டி பஜாரில் இன்றைக்கும் தாத்தா பாட்டிகள் பயமில்லாமல் நடப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு கடைத்தெருவில் முடிந்துபோகிற வேலை இல்லையே இது. தி.மு.க. ஆட்சியில் 2010-இல் சட்டம் போட்ட, சென்னையின் எல்லாப் போக்குவரத்தையும் ஒரே இடத்தில் திட்டமிட வேண்டிய ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் தன் முதல் கூட்டத்தை நடத்தியது 2022 நவம்பரில். நடுவில் இரண்டு கழகங்களும் ஆண்டிருக்கின்றன, இருவருக்கும் இதில் பங்கு உண்டு.

தலைவர்கள் சைக்கிள் ஓட்டுவதும் உண்டு. 2021-இல் முதல்வரான புதிதில் ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் ஓட்டிய காணொளி எல்லோரும் பார்த்தது. அது அவர் உடற்பயிற்சி, நல்ல பழக்கம். ஆனால் அதிகாலையில் பாதுகாப்போடு போகிற அந்தச் சாலையும், காலை ஒன்பது மணிக்கு மீன் கூடையோடு ஒருவர் போகிற அதே சாலையும் வேறு வேறு சாலைகள். அதே வருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டார். பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு என்றார்கள், சைக்கிளின் நிறத்தை வைத்து எந்தக் கட்சிக்கு ஆதரவு என்று ஆராய்ந்தார்கள். வாக்குச்சாவடி வீட்டுக்குப் பின்னால் பக்கத்திலேயே இருக்கிறது, குறுகலான தெரு, கார் நிறுத்த இடமில்லை, அதனால் சைக்கிளில் போனார் என்று அவர் தரப்பில் விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பக்கத்து இடம், குறுகல் தெரு, நிறுத்த இடமில்லை. நகரத்தில் நாம் போகிற வேலைகளில் பாதி இந்த வகைதான். பிற்பாடு கட்சி தொடங்கிய அவரும் இந்த விளக்கத்தையே ஒரு கொள்கையாக எழுதினால் நான் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

கட்சிகள் சைக்கிளை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் அ.தி.மு.க. அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை மானியம். பல பெண்களுக்கு அது உதவியது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள், பதினாறு வயதில் சைக்கிள், வேலைக்குப் போனால் ஸ்கூட்டர். சைக்கிள் என்பது அரசின் கண்ணில் சீக்கிரம் தாண்டிப் போக வேண்டிய ஒரு கட்டம். பெரியவர்கள் தினமும் ஓட்டும் வாகனமாக அதை நினைத்திருந்தால் அதற்குச் சாலை வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்திருக்கும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதுவும் நம் மண்ணிலேயே. 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார், களப்பணியாளர்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடானது. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு. அதில் எந்தக் கட்சியின் பெயரும் பெரிதாக இல்லை. அந்தப் பெண்கள் பயனாளிகளாக வரிசையில் நிற்கவில்லை, ரோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் கேலி பேசினார்கள், பேசட்டும் என்று போனார்கள். எங்கள் தலைமுறைக்குச் சைக்கிள் கிடைத்ததற்கு அடியில் அவர்களுடைய அந்தத் துணிச்சலும் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

போக்குவரத்தை வைத்து ஓட்டு வாங்க முடியாது என்றும் யாரும் சொல்லாதீர்கள். 2021-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது, மே மாதமே நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டில் மாதம் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் கணக்குத் தெரியும், அது மேடையில் பேசப்பட்டது, மற்ற மாநிலக் கட்சிகளும் அதே பேருந்து வாக்குறுதியைச் சொல்ல ஆரம்பித்தன. நடமாடுவது ஒரு அரசியல் கோரிக்கையாக மாற முடியும் என்பதற்கு இது போதும். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்தப் பெண் நடந்துதான் போகிறாள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி.

நான் கேட்பது சின்ன விஷயம், செய்யக்கூடியது. பெருநகரத்தின் பெரிய சாலையில் பச்சை வண்ணம் அடித்த தடத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அது சீக்கிரமே பார்க்கிங்காகிவிடும், அப்புறம் பார்த்தீர்களா யாரும் ஓட்டவில்லை என்பார்கள். சைக்கிள் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை, அரசிடம் பட்டியல் இருக்கிறது. எந்தப் பள்ளியில் எத்தனை சைக்கிள், எந்த வருடம் என்று பள்ளிவாரியாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நெடுஞ்சாலைத் துறையிடமும் ஊராட்சி ஒன்றியத்திடமும் கொடுத்து, சைக்கிள் கொடுக்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் வந்து சேரும் சாலைகளில் நாலைந்து கிலோமீட்டருக்குத் தார் விளிம்பை ஒட்டி மண்ணை உயர்த்திக் கெட்டிப்படுத்தி ஒரு ஓரப்பாதை, வளைவுகளில் வேகத்தடை, பள்ளி வாசலில் ரோட்டைக் கடக்க மேடான இடம், குளிர்காலச் சாயங்காலத்துக்குத் தெருவிளக்கு, இவ்வளவுதான். சைக்கிளுக்கு ஒதுக்கும் தொகையை ஒட்டி அதற்கும் வருடா வருடம் ஒரு தொகை. நகரத்தில் என்றால் பள்ளியைச் சுற்றிய தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முடியாதபடி சாலையையே மாற்றிவிட வேண்டும், பலகை மட்டும் வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். எந்தக் கட்சி இதை எழுதினாலும் எழுதட்டும், கொடுத்ததற்கு எப்படி எல்லோரும் பெயர் வாங்கினார்களோ அப்படி இதற்கும் வாங்கிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊரில் என் அண்ணன் மகள் இப்போது பிளஸ் ஒன் வந்திருக்கிறாள், போன மாதம் சைக்கிள் கிடைத்தது. அண்ணி அவளை அந்த ரோட்டில் அனுப்பப் பயப்படுகிறார். அதனால் அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஊர் எல்லையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஓரப்பாதை, இரண்டு வளைவில் வேகத்தடை. ஊராட்சிச் செயலாளர் படித்துவிட்டு, “இது ஹைவேஸ் ரோடும்மா, நம்ம கையில இல்ல” என்றார். தெரியும் என்றேன். தீர்மானம் நிறைவேறினால் ஒரு நகல் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு, ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு, அப்புறம் அடுத்து எங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சி வேட்பாளருக்கும் ஒன்று. அண்ணியும் தெருவில் இருக்கிற மற்ற அம்மாக்களும் அதை நேரில் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று பதில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.